சொற்களைத் தொலைத்த பாட்டு

‘ட்ரோலோலோ’ என்று உலகம் பெயர் வைத்துவிட்ட பாட்டில் அர்த்தமுள்ள சொல் ஒன்றுகூடக் கிடையாது. பாடியவர் சோவியத் பாடகர் எடுவார்ட் ஹில். பாட்டின் சொந்தப் பெயர் கொஞ்சம் நீளம்: ‘எனக்கு மிக்க மகிழ்ச்சி, ஒருவழியாக வீடு திரும்புகிறேன்’. அறுபதுகளில் உருவான இந்தப் பாட்டு, இணையத்தில் மீம் ஆனது 2010-ல்.

உலகமெங்கும் சுற்றிய வீடியோ 1976-ல் எடுக்கப்பட்டது. மஞ்சளும் பழுப்புமான பின்னணி, உலோகக் கம்பிகளால் ஆன அலங்காரம், நடுவில் பழுப்புக் கோட்டும் டையுமாக ஒரு மனிதர். கைவீசி நடந்து வருகிறார். வாய் ‘லா லா’, ‘ஹோ ஹோ’ என்று அசைகிறது. முகத்தில் ஒட்டவைத்ததுபோல் ஒரு சிரிப்பு, கடைசிவரை இறங்குவதே இல்லை. பாடி முடித்ததும் திரும்பி நடந்து போய்விடுகிறார். முன்பே பதிவு செய்த பாட்டுக்கு வாயசைத்தது என்பது பார்த்தவுடனே தெரிந்துவிடும். ஏன் வந்தார், எதற்குச் சிரித்தார் என்று புரியாததுதான் பார்த்தவர்களைத் திரும்பத் திரும்பப் பார்க்க வைத்தது.

பாட்டுக்கு முதலில் சொற்கள் இருந்தன. இசையமைப்பாளர் அர்காதி ஆஸ்த்ரோவ்ஸ்கி. அமெரிக்கப் புல்வெளியில் ஒரு கௌபாய் குதிரையேறிப் போகிறான். ஆயிரம் மைலுக்கு அப்பால் அவன் காதலி மேரி அவனுக்காகக் காலுறை பின்னிக்கொண்டிருக்கிறாள். கதை இவ்வளவுதான். பனிப்போர்க் காலத்து மாஸ்கோவில் அமெரிக்க கௌபாயைப் புகழ்ந்து பாட்டு வெளியிடுவது நடக்கிற காரியமில்லை. வரிகளும் சுமார்தான் என்பது ஹில் சொன்ன காரணம். ஆஸ்த்ரோவ்ஸ்கியின் மகன் சொன்ன கதை வேறு. பாடலாசிரியர் லேவ் ஒஷானினோடு, பாட்டுக்கு உயிர் சொல்லா மெட்டா என்று தகராறு. சொல்லே இல்லாமல் பாட்டு நிற்கும் என்று காட்ட இசையமைப்பாளர் வரிகளைத் தூக்கி எறிந்தாராம். இருவரும் அந்நியர்கள் அல்ல. ‘சூரியன் என்றும் இருக்கட்டும்’ என்ற புகழ்பெற்ற சோவியத் சிறுவர் பாட்டு இந்த இருவரும் சேர்ந்து செய்ததுதான். எந்தக் கதை சரி என்றாலும் விளைவு ஒன்று: மெட்டு மட்டும் மிஞ்சியது, பாட்டு முழுக்க ஹம்மிங் ஆனது.

அப்படிப் பாடுவது விளையாட்டில்லை. மேற்கத்திய செவ்விசைப் பயிற்சியில் சொல்லில்லாமல் உயிரெழுத்துகளை மட்டும் வைத்துப் பாடும் முறைக்கு ‘வோக்கலீஸ்’ என்று பெயர். ஹில் அதில் தேர்ந்தவர். 1934-ல் ஸ்மலேன்ஸ்க் நகரில் பிறந்து, போர்க்காலத்தில் குழந்தைகள் இல்லத்தில் வளர்ந்து, 1960-ல் லெனின்கிராத் இசைக் கல்லூரியில் பட்டம் பெற்றவர். 1974-ல் ‘ரஷ்யக் குடியரசின் மக்கள் கலைஞர்’ பட்டமும் கிடைத்தது. சோவியத் ஒன்றியம் சரிந்த பிறகு வருமானமும் சரிந்தது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பாரிஸில் ‘ரஸ்புதின்’ என்ற உணவகத்தில் பாடித்தான் பிழைத்தார்.

அந்தப் பழைய வீடியோ 2009 நவம்பரில் யூடியூபில் ஏறியது. அடுத்த சில மாதங்களில் காட்டுத்தீயாகப் பரவியது. இணையத்தில் வம்புக்கு இழுப்பவரை ‘ட்ரோல்’ என்பார்கள். ஹில் பாடிய அசைகள் அந்தச் சொல்லைப் போலவே காதில் விழுந்ததால் பெயர் உடனே ஒட்டிக்கொண்டது. ஏதோ முக்கியச் செய்தி என்று ஒரு இணைப்பை நண்பருக்கு அனுப்புவது, அவர் ஆசையாகத் திறந்தால் பழுப்புக் கோட்டுக்காரர் சிரித்தபடி வருவது: இதுதான் விளையாட்டு. பிரிட்டிஷ் பாடகர் ரிக் ஆஸ்ட்லியின் பாட்டை வைத்து 2007 முதல் நடந்துவந்த குறும்பின் தம்பி என்று சொல்லலாம். 2010 மார்ச்சில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஸ்டீபன் கோல்பேரும் தன் நையாண்டி நிகழ்ச்சியில் இதைக் காட்டினார்.

இவ்வளவும் நடந்தது பாடியவருக்கே தெரியாது. பள்ளியிலிருந்து வந்த பேரன் அந்த மெட்டை முணுமுணுக்க, இந்தப் பழைய பாட்டு உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டிருக்கிறார் தாத்தா. நீங்கள் இங்கே உட்கார்ந்து தேநீர் குடிக்கிறீர்கள், இணையம் முழுக்க உங்கள் பாட்டுதான் ஓடுகிறது என்றானாம் பேரன். எழுபத்தைந்து வயதில் கேலிப்பொருளாகிவிட்டோமே என்று அவர் முகம் சுளிக்கவில்லை. உலக மக்கள் எல்லோரும் சேர்ந்து இந்த மெட்டுக்குச் சொற்கள் எழுதலாமே என்று அழைப்பு விடுத்தார். கிண்டலுக்கு இதைவிடப் பெருந்தன்மையான பதில் இருக்க முடியாது.

பக்கவாதத்தால் பாதிக்கப்பட்ட ஹில், 2012 ஜூன் 4 அன்று செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் காலமானார். 2017 செப்டம்பர் 4, அவருடைய 83-வது பிறந்தநாளில், கூகுள் தன் முகப்பில் அவரை வரைந்தது. ரஷ்யாவில் மூத்த தலைமுறைக்கு அவர் ‘மரம்வெட்டிகள்’, ‘குளிர்காலம்’ போன்ற பாட்டுகளைப் பாடிய ஹில். ட்ரோலோலோ அவர்களைப் பொறுத்தவரை பின்னால் வந்த செய்தி. ஹில்லை அந்த ஒரு வீடியோவில் மட்டும் பார்த்தவர்கள் ‘குளிர்காலம்’ பாட்டையும் ஒருமுறை தேடிக் கேளுங்கள். அதில் சொற்கள் உண்டு.