கழட்டுவதற்கு முன் படியுங்கள்: ஒரு பழைய லீ-என்ஃபீல்ட் ரைபிளின் சைட்டுகள்

கனடாவில் இருக்கும் கல்லூரி நண்பன் போன வாரம் நாலு போட்டோ அனுப்பியிருந்தான். லைசென்ஸோடு வாங்கிய ஒரு பழைய .303 ரைபிள். "இடப்பக்கம் ஏதோ துருப்பிடித்த தகடும் முள்ளும் இருக்குடா. எதுக்குன்னே தெரியல. கழட்டிப் போட்டுட்டு ஸ்கோப் மாட்டப் போறேன்" என்றான். "டேய், ஸ்க்ரூடிரைவரைக் கீழே வை" என்று உடனே பதில் போட்டேன். ஏன் என்பதுதான் இந்தக் குறிப்பு.

என்.சி.சி.யில் இருந்தவர்களுக்கு ஃபோர்சைட், பேக்சைட் தெரிந்திருக்கும். குழலின் நுனியில் நிற்கும் சின்ன முள் ஃபோர்சைட். கண்ணுக்கு அருகே தூரத்துக்கு ஏற்ப ஏற்றி இறக்குவது பேக்சைட். 1907-ல் வந்த லீ-என்ஃபீல்ட் மார்க் III ரைபிளில் இந்த இரண்டோடு இன்னொரு ஜோடியும் உண்டு. கட்டையின் இடப்பக்கம் எண்கள் பொறித்த தகடு, அதில் சுழலும் முள். பின்னால் சேஃப்டிக்குப் பக்கத்தில் துளையுள்ள ஒரு சின்னக் கை. இதற்கு வாலி சைட் என்று பெயர். சாதாரண பேக்சைட் 2000 யார்டு வரைதான். இது 2800 யார்டு வரை போகும்.

அவ்வளவு தூரத்தில் ஒரு மனிதனை எப்படிச் சுடுவது? முடியாது. ஒரு கம்பெனியே சேர்ந்து, கட்டளைக்கு ஒரே நேரத்தில் சுடும். தூரத்தில் கூட்டமாக நிற்கும் படை மீதோ பீரங்கி வரிசை மீதோ குண்டு மழையாக விழும். அதுதான் கணக்கு. முதல் உலகப் போரில் பதுங்குகுழிச் சண்டை வந்ததும் இந்தக் கணக்கு பொய்த்துப் போனது. அந்த வேலையை மெஷின்கன் எடுத்துக்கொண்டது. ரைபிள்களும் லட்சக்கணக்கில் அவசரமாகத் தேவைப்பட்டன. அதனால் 1916 ஜனவரியில் அங்கீகரிக்கப்பட்ட மார்க் III* (அந்த நட்சத்திரக் குறியைக் கவனியுங்கள்) வாலி சைட் இல்லாமல் வந்தது. பேக்சைட்டை இட வலமாக நகர்த்தும் திருகும், மேகஸினை மூடும் கட்-ஆஃப் தகடும் கூடவே போயின.

ஏற்கனவே செய்யப்பட்ட ரைபிள்கள் பழுதுபார்க்க வந்தபோதும் இந்தப் பாகங்களைக் கழட்டினார்கள். ஆக, வாலி சைட் இல்லாததால் மட்டும் ஒரு ரைபிள் குறைபட்டது என்று சொல்ல முடியாது. இருந்தால், அது அந்தச் சலுகைக் காலத்தையெல்லாம் தாண்டித் தப்பி வந்தது என்று அர்த்தம். அல்லது யாரோ பின்னால் ஒட்டுப் போட்டது! இன்று நகல் பாகங்கள் விலைக்குக் கிடைக்கின்றன.

எது அசல் என்று எப்படிப் பார்ப்பது?

முதலில் நட்சத்திரம். பட்டைக் கழுத்தின் வலப்பக்கம் III* என்றிருந்து, வாலி சைட்டும் இருந்தால் சந்தேகப்படுங்கள். பழைய கட்டையை மாற்றிப் போட்டிருக்கலாம்.

அடுத்தது சீரியல் எண். ரிசீவர், போல்ட், குழல், முன்மூடி இவற்றில் மட்டுமல்ல, பேக்சைட் இலையின் அடிப்பக்கத்திலும் எண் இருக்கும். இலையைத் தூக்கிப் பாருங்கள். எல்லாம் ஒன்றாக இருந்தால் நல்லது. இலை மட்டும் வேறென்றால் எப்போதோ மாற்றியிருக்கிறார்கள்.

பிறகு இலையில் உள்ள தூர அளவு. நம்ம ஊர் இஷாப்பூர் தொழிற்சாலை 7.62-க்கு மாற்றிச் செய்த 2ஏ ரைபிளில் பழைய 2000 அளவு இலையே இருக்கும். 2ஏ1-ல் அது 800 மீட்டராகக் குறைந்தது. ஒரே பார்வையில் பிரித்துவிடலாம்.

கடைசியாகத் தேய்மானம். நூறு வருடத் தகடு கட்டையில் தன் அச்சைப் பதித்திருக்கும். புதுத் தகட்டைச் சுற்றி இடைவெளி தெரியும்.

சரி, சுத்தம் செய்யக் கழட்டியே ஆகணும் என்றால்?

குண்டு இல்லை என்று இரண்டு முறை பார்த்து, போல்ட்டை வெளியே எடுத்து வையுங்கள். எல்லாப் பக்கமும் போட்டோ எடுங்கள். ஃபோர்சைட் முள் பள்ளத்தில் குறுக்காகச் செருகப்பட்டது. அசைப்பதற்கு முன் முள்ளுக்கும் அடிக்கும் சேர்த்து ஒரு பென்சில் கோடு போடுங்கள். அதன் மேல் உள்ள எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். முட்கள் 0.015 அங்குல வித்தியாசத்தில் பல உயரங்களில் செய்யப்பட்டவை. இரண்டு சைட்டுக்கும் இடையே ஏறக்குறைய 19 அங்குலம். எனவே ஒரு படி மாறினால் 100 யார்டில் குண்டு கிட்டத்தட்ட 3 அங்குலம் ஏறும் அல்லது இறங்கும். உயரமான முள் போட்டால் குண்டு கீழே போகும். தலைகீழாக நினைத்து ஏமாறாதீர்கள்.

துரு ஊடுருவும் எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி விடுங்கள். தட்ட பித்தளைத் துண்டுதான், இரும்பு கூடாது. பேக்சைட் இலையின் அச்சுப் பின்னை ஒரு குட்டிப் பின் பூட்டியிருக்கும். அதை முதலில் எடுக்காமல் பெரியதை அடித்தால் இரண்டும் நாசம். திருகின் பள்ளத்துக்குச் சரியாகப் பொருந்தும் ஸ்க்ரூடிரைவர் இல்லையென்றால் அன்று வேலையை நிறுத்திவிடுங்கள்.

முக்கியமான ஒன்று: முன்கட்டையைக் கழட்டாமல் பின்கட்டையின் நீளப் போல்ட்டைத் திருகாதீர்கள். போல்ட்டின் சதுர நுனி முன்கட்டைக்குள் இருக்கும் ஒரு தகட்டில் சிக்கியிருக்கும். திருகினால் முன்கட்டை பிளந்துவிடும். வாலி சைட் உட்காரும் கட்டையே அதுதான்.

எந்த நாட்டிலும் லைசென்ஸ் முதலில். இந்தியாவில் .303 தனியாருக்குத் தடைசெய்யப்பட்ட ரகம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நண்பனின் ரைபிளில் நட்சத்திரம் இல்லை. இலையின் எண்ணும் ரிசீவரின் எண்ணும் ஒன்று. ஸ்கோப்புக்காக ரிசீவரில் துளை போட்டிருந்தால் அதை மூடவே முடியாது. "அப்போ அப்படியே எண்ணெய் போட்டு வச்சுடறேன்" என்றான். நல்ல முடிவு.