மாடியில் சுரைப்பிஞ்சு கருகி விழுதா? உரம் காரணமில்லை!

கொடி செழிப்பா படர்ந்திருக்கு, பூவும் பூக்குது. ஆனால் விரல் நீளப் பிஞ்சு நாலே நாளில் மஞ்சளாகிக் கருகி விழுந்துடுது. மாடித்தோட்டம் போட்ட பலரும் உடனே கடைக்கு ஓடி இன்னொரு பாக்கெட் உரம் வாங்குவாங்க. வீண் செலவு. தழைச்சத்து கூடினால் இலைதான் பெருக்கும்.

பெரும்பாலும் சிக்கல் மகரந்தச் சேர்க்கையில்தான். சுரை, பூசணி, பாகல், பீர்க்கு எல்லாவற்றிலும் ஆண் பூ தனி, பெண் பூ தனி. வெறும் காம்பில் நிற்பது ஆண் பூ. அடியில் குட்டிக் காயோடு இருப்பது பெண் பூ. அந்தக் குட்டிக் காய் பூவோடு சேர்ந்தே வருவது. மகரந்தம் கிடைத்தால்தான் வளரும், இல்லாவிட்டால் உதிரும். ஆரம்பத்தில் ஆண் பூ மட்டுமே பூத்தால் பயப்பட வேண்டாம், அது வழக்கம்தான்.

பூசணி காலையில் மலரும், தேனீ வரும். சுரை மலர்வதோ சாயங்காலம். அந்துப்பூச்சிகளை நம்பியிருக்கிற பூ அது. சென்னை அப்பார்ட்மென்ட்டின் ஐந்தாவது மாடிக்கு அது தேடி வருமா என்பது சந்தேகம்தான். ஆபீஸ் முடிந்து வந்ததும் அந்த வேலையை நீங்களே செய்துடலாம். அன்று மலர்ந்த ஆண் பூவைப் பறித்து, இதழ்களைக் கிள்ளிவிட்டு, நடுவில் இருக்கும் மகரந்தத்தைப் பெண் பூவின் நடுப்பகுதியில் மெதுவாகத் தடவுங்க. மறுநாளைக்குத் தள்ளிப்போட்டால் பூ வாடிடும்.

சேர்க்கை நடந்த பிஞ்சு சில நாளிலேயே பருக்க ஆரம்பிக்கும். பருத்த பிறகும் அழுகினால் அது வேற கதை. தோலில் ஊசி குத்தின மாதிரி புள்ளியும் பிசின் கசிவும் இருந்தால், பழ ஈயின் வேலை. அதுக்காகப் பூ மேல மருந்து அடிச்சுடாதீங்க, வர்ற ஒன்றிரண்டு தேனீயும் செத்துடும். பிஞ்சை ஒரு பேப்பர் பையால் மூடிக் கட்டுங்க.