நூற்றுக்கு எத்தனை நிற்கிறது?

விருதுநகருக்கும் காரியாபட்டிக்கும் நடுவே மல்லாங்கிணறு என்று ஓர் ஊர் இருக்கிறது. அந்த ஊர்க் கடைத்தெருவில் ஒரு மளிகைக் கடை இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கடையும் கடைக்காரரும் நம்முடைய கற்பனை. கணக்கு மட்டும் கற்பனை அல்ல. உங்கள் தெருக் கடையிலும் அதுதான் நடந்துகொண்டிருக்கிறது.

கடையில் கூட்டத்துக்குக் குறைவில்லை. "அண்ணாச்சி, கால் கிலோ உளுந்து!", "அண்ணாச்சி, நான் வந்து எவ்வளவு நேரமாச்சு!" என்று காலையிலிருந்து ஒரே இரைச்சல். இரவு கடை சாத்தும்போது கல்லாவில் 5,000 ரூபாய். அண்ணாச்சியின் முகம் மலர்ந்திருக்கிறது. ஆனால் வீட்டு அம்மாளின் கழுத்தைப் பாருங்கள், வெறுமையாக இருக்கிறது. தீபாவளிச் சரக்குப் பிடிக்க அடகுக்குப் போன சங்கிலி, பொங்கல் கழிந்தும் திரும்பி வரவில்லை.

"தினம் ஐயாயிரம் வருதுங்கறீங்க. என் சங்கிலி மட்டும் ஏன் வரமாட்டேங்குது?" என்று அந்த அம்மாள் கேட்கிறாள்.

அண்ணாச்சியிடம் பதில் இல்லை. நாம் தேடிப் பார்ப்போம், வாருங்கள்.

கல்லாவில் விழுந்த ஐயாயிரமும் அண்ணாச்சியுடையதல்ல. சரக்கு கொடுத்த விருதுநகர் மொத்தக் கடைக்காரருக்கு உரியதுதான் அதில் பெரும்பங்கு. நூறு ரூபாய்க்கு விற்றால் 88 ரூபாய் கொள்முதல், 12 ரூபாய் நிற்கிறது என்று வையுங்கள். அப்படியானால் ஐயாயிரத்தில் நின்றது 600 ரூபாய். வாடகை 4,000, கரண்டு 2,000, கடைப் பையன் சம்பளம் 6,000, சரக்கு ஏற்றிவரும் கூலி 2,000, மற்ற சில்லறைகள் 1,000, ஆக மாதம் 15,000 ரூபாய். நாள் ஒன்றுக்கு 500. அறுநூற்றில் ஐந்நூறு போய்விட்டது. மீதி ஒரே ஒரு நூறு!

ஆனால் வீட்டுக்குக் காய்கறி, பால், பிள்ளைகளின் பஸ் கட்டணம் என்று கல்லாவிலிருந்து தினம் 300 ரூபாய் எடுக்கிறார்கள். இருப்பது நூறு, எடுப்பது முந்நூறு. மிச்சம் இருநூறு எங்கிருந்து வருகிறது? முதலிலிருந்துதான். மாதம் 6,000 ரூபாய் வீதம் கடை தன்னைத்தானே தின்றுகொண்டிருக்கிறது. சங்கிலி எப்படி ஐயா வரும்?

இந்த இடத்தில் ஒரு தவறு அநேகமாக எல்லோருக்கும் நேரும். "பன்னிரண்டு சதவீதம் வைத்துத்தான் விற்கிறேன்" என்பார் கடைக்காரர். எதன்மேல் பன்னிரண்டு? நூறு ரூபாய்க்கு வாங்கியதை 112-க்கு விற்றால், அந்தப் பன்னிரண்டு கொள்முதலின்மேல் வந்தது. விற்பனையில் கணக்கிட்டால் நூற்றுக்குப் பத்தே முக்கால்கூட இல்லை. கால் அரை என்று அலட்சியம் வேண்டாம். மாதம் ஒன்றரை லட்சம் விற்கும் கடையில் இது சுமார் 1,900 ரூபாய் வித்தியாசம்.

தள்ளுபடியும் அப்படித்தான். பக்கத்துக் கடையோடு போட்டி என்று நூற்றுக்கு ஐந்து குறைத்தால், நிற்பது பன்னிரண்டல்ல, ஏழு. முன்பு நூறு ரூபாய்ச் சாமான் 50 பேருக்கு விற்றுக் கிடைத்த அறுநூறு இப்போது கிடைக்க வேண்டுமானால் 86 பேர் வரவேண்டும். மல்லாங்கிணற்றில் திடீரென்று முப்பத்தாறு பேர் எங்கிருந்து முளைப்பார்கள்?

நாம் விலையைக் குறைக்காவிட்டாலும், நிற்கிற தொகை தானாகவே கரைவதுண்டு. அதற்கு நம் ஜில்லாவிலேயே சாட்சி இருக்கிறது. கல்கத்தா போய்த் தொழில் கற்று வந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1923-ல் சிவகாசியில் தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கினார்கள். அந்தத் தீப்பெட்டியின் விலையைக் கவனியுங்கள். 2007-ல் ஒரு ரூபாய் ஆயிற்று. அப்புறம் பதினான்கு வருஷம் அதே ஒரு ரூபாய்! மூலப்பொருள்கள் சும்மா இருந்தனவா? 2021-ல் சிவப்புப் பாஸ்பரஸ் கிலோ 425 ரூபாயிலிருந்து 810-க்கும், மெழுகு 58-லிருந்து 80-க்கும் ஏறிவிட்டதாக உற்பத்தியாளர்கள் முறையிட்டார்கள். பெட்டி அதே பெட்டி, விலை அதே விலை. உள்ளே நிற்கிற காசு மட்டும் தேய்ந்துகொண்டே வந்தது. கடைசியில் சிவகாசியில் கூடிப் பேசி, அந்த ஆண்டு டிசம்பர் 1 முதல் 2 ரூபாய் ஆக்கினார்கள். அண்ணாச்சி தம் கடையில் எந்தச் சாமானை இப்படிப் பழைய விலைக்கே விற்றுக்கொண்டிருக்கிறாரோ!

அடுத்து அலமாரியைப் பாருங்கள். எண்ணெயில் என்ன பெரிய லாபம், நூறு ரூபாய் போட்டால் நாலு ரூபாய்தானே என்று அண்ணாச்சி அலுத்துக்கொள்கிறார். நூற்றுக்கு முப்பது நிற்கிறதென்று பிளாஸ்டிக் பூவும் பொம்மையும் வாங்கி அடுக்கியிருக்கிறார். எண்ணெய் வாரம் ஒரு தடவை விற்றுத் தீர்ந்து, அதே நூறு ரூபாய் மறுபடி எண்ணெயாகிறது. வருஷத்தில் 52 சுற்று. 208 ரூபாய் கொடுக்கிறது. பொம்மை வருஷத்துக்கு ஒரு தடவை விற்று முப்பது கொடுக்கிறது, தூசி தட்டும் கூலி தனி! தீபாவளிக்கு வாங்கிய மத்தாப்பு மிஞ்சிவிட்டாலோ, அதில் முடங்கிய பணம் அடுத்த தீபாவளி வரையில் அசையாது. அம்மாளின் சங்கிலியில் பாதி அந்த அலமாரியில்தான் இருக்கிறது.

மற்றொரு பாதி பற்று நோட்டில் இருக்கிறது. தெரிந்தவர், சொந்தக்காரர், வாத்தியார், எல்லோருக்கும் ஒரு பக்கம். மொத்த நிலுவை 45,000 ரூபாய் என்றால் ஒன்பது நாள் வியாபாரம் முழுவதும் ஊராருடைய வீட்டில் இருக்கிறது என்று அர்த்தம். அதில் ஆயிரம் ரூபாய் வராமலே போய்விட்டால்? போனது 880 ரூபாய்ச் சரக்கு. அதை மீட்க 7,333 ரூபாய்க்குப் புதிதாக விற்க வேண்டும். "பாவம், ஆயிரம் ரூபாய்தானே" என்று சொல்வதற்கு முன் இதையும் நினைத்துக்கொள்ளட்டும்.

விருதுநகர் வியாபாரிகளிடம் மகமை என்று ஒரு வழக்கம் உண்டு. வியாபாரத்தில் ஒரு சிறு பங்கைப் பொதுக் காரியத்துக்கென்று ஒதுக்கி வைப்பது. காமராஜர் படித்த க்ஷத்திரிய வித்யாசாலை அந்த மகமைப் பணத்தில் நடந்த பள்ளிக்கூடம்தான். ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு இப்படி ஒரு கணக்கு எழுதத் தெரிந்த சீமையில், சொந்த வீட்டுச் செலவை மட்டும் எழுதாமல் கல்லாவிலிருந்து அள்ளுவானேன்? முந்நூறு எடுக்கிறாரா, அதையும் வாடகை மாதிரி ஒரு செலவாகவே சிட்டையில் எழுதட்டும். அப்போது தினச் செலவு 500 அல்ல, 800.

நூற்றுக்குப் பன்னிரண்டு நிற்கிற கடையில் எண்ணூறு கிடைக்க, தினம் 6,667 ரூபாய் விற்க வேண்டும். மலைப்பாக இருக்கிறதல்லவா? ஆனால் பொம்மைகளை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு, பழைய விலையில் போய்க்கொண்டிருக்கும் சாமான்களைத் திருத்தி, நூற்றுக்குப் பதினாலு நிற்கச் செய்துவிட்டால் 5,714 போதும். இன்றைய வியாபாரத்துக்கு மேல் 714 ரூபாய்தான். கடைப் பையனின் சம்பளத்தில் கைவைக்கத் தேவையே இல்லை.

அண்ணாச்சிக்கு இதெல்லாம் சொல்லி நேரமாகிவிட்டது. கடையில் ஆள் காத்திருக்கிறது. சிட்டையை அந்த அம்மாளிடமே கொடுத்துவிடலாம். கல்லாவில் 5,714 எத்தனை மணிக்குச் சேருகிறது என்று ஒரு வாரம் குறித்துக்கொண்டு வரட்டும். இரவு கடை சாத்தும் வரையில் சேராத நாட்களில், அவள் கேட்க வேண்டிய கேள்விகள் இப்போது அவளுக்குத் தெரியும்.