நூற்றுக்கு எத்தனை?
மருத்துவக் குழு முன்பு போவதற்கு முன் தெரிந்து கொள்ளுங்கள்

உடல் குறை நூற்றுக்கு எத்தனை?

இந்தக் கேள்விக்கு டாக்டர்கள் எழுதும் பதிலில், பல குடும்பங்களின் பிழைப்பு அடங்கி இருக்கிறது.

40 என்று எழுதினால், அரசாங்க வேலையில் இடஒதுக்கீடு கேட்கலாம். 39 என்றால் கேட்க முடியாது. ஏழைகளுக்கான மத்திய அரசின் மாத உதவித் தொகைக்கோ 80 வேண்டும்!

21 வகை

1995-ம் ஆண்டுச் சட்டத்தில் 7 வகைக் குறைபாடுகளே இருந்தன. 2016-ம் ஆண்டுச் சட்டத்தில் அவை 21 ஆயின. தசைச்சிதைவு, ஆட்டிசம், தலசீமியா ஆகியவையும், ஆசிட் வீச்சால் வந்த குறையும் இப்போது அதில் உண்டு.

கணக்கு எப்படி?

டாக்டர்கள் கண்ணால் பார்த்து மட்டும் எழுதுவது இல்லை. ஒவ்வொரு குறைக்கும் ஓர் அளவு இருக்கிறது.

ஒரு கண் முழுவதும் போய், மறு கண் நன்றாகத் தெரிந்தால் 30 சதவீதம்தான்.

ஒருவருக்குக் காலில் 60, காதில் 30 என்று வைத்துக் கொள்வோம். மொத்தம் 90 அல்ல, 70தான்! பெரிய குறையை முழுதாக எடுப்பார்கள். சின்னக் குறையில் ஒரு பங்கைத்தான் சேர்ப்பார்கள்.

என்ன எடுத்துப் போவது?

ஆதார் அட்டை, புதிய போட்டோ, ஆஸ்பத்திரிச் சீட்டுகள், எக்ஸ்ரே, ஸ்கேன், மருந்துச் சீட்டு எல்லாவற்றையும் தேதி வாரியாக அடுக்கி, ஒரே பையில் போடுங்கள்.

கண்ணாடி அணிபவர் அதை மறக்கக் கூடாது. கண்ணாடி போட்ட பிறகு எவ்வளவு தெரிகிறது என்பதுதான் கணக்கு. காது கருவி, ஊன்றுகோல், காலிபர் இருந்தால் அவையும் கூடவே வரட்டும்.

வெட்கம் வேண்டாம்

"எல்லாம் சமாளித்துக் கொள்வான், டாக்டர்!" என்பார் தாய். பெற்ற மனம் பிள்ளையை விட்டுக் கொடுக்காது. ஆனால் அந்த இடத்தில் அது பிள்ளைக்கே நஷ்டம்.

சட்டைப் பொத்தான் போடுவது யார்? குளிக்க வைப்பது யார்? மாடிப்படி ஏற முடியுமா? வலிப்பு மாதம் எத்தனை முறை வருகிறது? இவற்றை முந்தின நாளே ஒரு தாளில் எழுதி வையுங்கள். எழுதத் தெரியாதவர்கள், பள்ளிக்கூடம் போகும் பிள்ளையிடம் சொல்லி எழுதச் சொல்லுங்கள். கூடவே இருந்து கவனிப்பவரை அழைத்துச் செல்லுங்கள்.

இல்லாததையும் சொல்லாதீர்கள். மோசடி செய்து சலுகை பெற்றால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். இரண்டும் சேர்ந்தும் விதிக்கப்படலாம்.

சான்றிதழ் வந்ததும்...

மடித்துப் பெட்டியில் வைத்து விடாதீர்கள். பெயர், வயது, சதவீதம் சரியா என்று பாருங்கள். நிரந்தரமா, தற்காலிகமா என்று பாருங்கள். தற்காலிகம் என்றால், முடியும் தேதியைச் சுவர்க் காலண்டரில் குறித்து வையுங்கள்.

பிறகு வரும் அடையாள அட்டைக்கு மூன்று நிறம். 40-க்குக் கீழே வெள்ளை. 40 முதல் 80-க்குள் மஞ்சள். 80-ம் அதற்கு மேலும் நீலம்.

சான்றிதழ் இல்லை என்று சொல்லி விட்டால்? மனம் உடைய வேண்டாம். காரணத்தை எழுத்தில் கேளுங்கள். முடிவில் திருப்தி இல்லையென்றால் மேல்முறையீடு செய்யச் சட்டத்தில் வழி இருக்கிறது. எங்கே மனுக் கொடுப்பது என்பதை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்து கொள்ளலாம்.

அரசாங்கம் தருவது பிச்சை அல்ல, உரிமை. காகிதங்கள் கையில் இருக்கட்டும். உண்மை வாயில் இருக்கட்டும். தலை நிமிர்ந்து போய் வாருங்கள்!