வாய் ஒன்று, வேலை இரண்டு!

உத்திரமேரூர் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். குடவோலைக் கல்வெட்டு பார்க்க அல்ல ஸார், ஓசிச் சாப்பாட்டுக்கு! நான் நாலாவது இட்லியில் இருந்தபோது, எதிரே அக்காவின் ஆறு வயசுப் பையன் முதல் விள்ளலையே கன்னத்தில் அடக்கி, வாயை 'ஆ'வென்று திறந்து வைத்திருந்தான்.

"மென்னு முழுங்குடா சோம்பேறி!" முதுகில் ஒன்று வைத்தாள் அக்கா.

ராத்திரி அவன் விட்ட குறட்டையில் எனக்குத் தூக்கம் போச்சு. மறுநாளே காஞ்சிபுரத்தில் காது-மூக்கு-தொண்டை டாக்டரிடம் இழுத்துப் போனோம்.

மூக்குக்குப் பின்னால், உள்நாக்குக்கு மேலே அடினாய்டு என்றொரு சதை. கிருமியை மடக்கும் காவல்காரன். சின்ன வயசில் சிலருக்கு இது பெருத்து, மூச்சு வழியையே அடைத்துவிடும். கோபன்ஹேகன் டாக்டர் வில்ஹெல்ம் மேயர் 1868-லேயே இதை விவரித்துவிட்டார்.

பி.காம். மூளைக்குப் புரிந்தது இதுதான்: ஒரே கவுண்ட்டரில் மூச்சும் சோறும் க்யூ. மென்றால் மூச்சு முட்டும். மூச்சு விட்டால் மெல்வது நிற்கும். பல்லைக் கடித்தால் காதுக்குக் கீழே புடைக்கிறதே, அந்தத் தசைக்கு வேலை குறைகிறது. வாயால் மூச்சு விடும் பிள்ளைகளுக்கு அது மந்தமாக இயங்குவதைச் சில ஆய்வுகள் மின்பதிவில் பார்த்திருக்கின்றன. நாளாவட்டத்தில் முகம் நீண்டு, மேல்தாடை குறுகவும் கூடும்.

"பெரியவனானா தானே சுருங்கிடுமாமே?" என்றேன்.

"சுருங்கும். ஆனா தூக்கத்துல மூச்சு தடைப்பட்டா காத்திருக்கக் கூடாது. முதல்ல மூக்குக்கு ஸ்ப்ரே, கேக்கலைன்னா ஆபரேஷன்."

திரும்பி வரும்போது பஸ்ஸில் அக்கா பேசவே இல்லை. பையன் முதுகைத் தடவிக்கொண்டே வந்தாள்.

"நேத்து ரொம்ப வலிச்சுதாடா?"