தாய்க்கப்பலை இழந்த அணி: 601 என்னும் எண்ணின் வரலாறு

விமானங்களை ஏற்றிச் செல்லும் போர்க்கப்பலைத் தமிழில் விமானந்தாங்கிக் கப்பல் என்கிறோம். தாங்குதல் என்னும் செயலே அப்பெயரின் அடிப்படை. ஜப்பானியர் அதனைக் 'கோகூ போகான்' என்றனர். வான்பயணத்துக்குரிய தாய்க்கப்பல் என்பது அதன் பொருள். சீன மொழியும் அவ்வாறே தாயைக் குறிக்கும் எழுத்தை இட்டு எழுதுகிறது. இந்தோனேசிய மொழியின் 'கப்பால் இண்டுக்' என்பதிலும் தாய்மைப் பொருள் உண்டு. இக்கட்டுரையில் நாம் நோக்கவிருக்கும் விமான அணி, அந்தத் தாய்ப் பெயரை எண் வடிவில் தாங்கியிருந்தது.

1942 நவம்பரில் ஜப்பானியக் கடற்படை தன் விமான அணிகள் பலவற்றின் பழைய இடப்பெயர்களை நீக்கி, எண்களைச் சூட்டியது. அவ்வெண்கள் மனம்போனபடி இடப்பட்டவை அல்ல. நூறாம் இட இலக்கம் அணியின் வகையைச் சுட்டும். ஆறு என்பது தாய்க்கப்பலுக்குரிய அணி. ஆகவே, 1944 பிப்ரவரி 15ஆம் நாள் 601ஆம் அணி தோன்றியபோது, அதன் பிறப்பிடமும் பணியும் அவ்வெண்ணிலேயே அடங்கியிருந்தன. அணியைக் குறிக்கும் ஜப்பானியச் சொல் 'கோகூதாய்'. இறுதியில் வரும் 'தாய்' நம் தாய் அன்று. படைப்பிரிவு என்னும் பொருளுடைய வேறு சொல். ஓனோ சுசுமு தமிழையும் ஜப்பானிய மொழியையும் ஒப்பிட்டு எழுதியவற்றைப் படித்த மாணவர்கள், ஒலி ஒத்தவற்றையெல்லாம் உறவென்று கொள்ளும் ஆர்வத்தை இங்கே சற்று அடக்கிக்கொள்ளுதல் நன்று.

அதற்கு முன்னர் விமானங்களும் விமானிகளும் கப்பலின் உறுப்புகளாகவே இருந்தனர். 1942 ஏப்ரலில் கொழும்பையும் திருகோணமலையையும் தாக்கிய ஷோகாகு, ஸுய்காகு ஆகிய கப்பல்கள் தத்தம் விமானிகளுடனேயே வந்தன. இம்முறையில் ஓர் இடர்ப்பாடு இருந்தது. போரில் விமானிகள் மடிந்தால், புதியோர் பயின்று முடிக்கும்வரை பழுதில்லாத கப்பலும் துறைமுகத்தில் வாளாவிருக்க வேண்டும். எனவே அணியைக் கப்பலிலிருந்து பிரித்து, நிலத்தில் பயிற்றி, தேவையான வேளையில் ஏற்றுவது என்று முடிவாயிற்று. 601ஆம் அணி, தாய்ஹோ, ஷோகாகு, ஸுய்காகு ஆகிய மூன்று கப்பல்களுக்கும் பொதுவாயிற்று. தாய்ஹோ என்றால் பெரும் ஃபீனிக்ஸ் பறவை. ஏனைய இரண்டும் கொக்கினத்துப் பெயர்கள், ஒன்று உயரப் பறப்பது, மற்றது நன்னிமித்தம் ஆவது. அணியின் விமானங்களுள் 'சுய்செய்' வால்வெள்ளியையும் 'தென்ஸான்' வானமலையையும் குறித்தன. குண்டுவீச்சு விமானத்துக்கு விண்மீன், நீர்மூழ்கிக் குண்டு சுமப்பதற்கு மலை என்பது அக்கடற்படையின் பெயரிடு மரபு.

முறை சீரியதே, பயிற்றுவதற்குக் காலந்தான் இல்லை. மிட்வே, சாந்தா குரூஸ் ஆகிய போர்களில் தேர்ந்த விமானிகள் பலர் மாண்டனர். 1943 நவம்பரில் ரபவுலுக்கு அனுப்பப்பட்ட தாய்க்கப்பல் விமானங்களிலும் பெரும்பகுதி அழிந்தது. எஞ்சியோர் சிலரையும் இளைஞர் பலரையும் கொண்டே 601ஆம் அணி உருவானது. அவர்களுள் பலர் பெற்ற பயிற்சி ஆறு மாத அளவினதே. எதிரே நின்ற அமெரிக்க விமானிகளோ ஈராண்டளவு பயின்றவர்கள்.

இவ்வரலாறு நம் வாசலுக்கு வருவது இவ்விடத்தில்தான். எண்ணெய்க் கப்பல்களை அமெரிக்க நீர்மூழ்கிகள் மூழ்கடித்து வந்தமையால், ஜப்பானியக் கப்பற்படை எண்ணெய் விளையும் சுமாத்ராவை அண்டி வந்தது. 1944 ஏப்ரல் 5ஆம் நாள் தாய்ஹோ சிங்கப்பூரை அடைந்து, பின்னர் தெற்கேயுள்ள லிங்காத் தீவுகளின் நங்கூரத் துறைக்குச் சென்றது. அணியின் விமானங்கள் சிங்கப்பூரின் விமானத் தளங்களிலிருந்து எழுந்து, தம் கப்பல்களையே பகையாகக் கருதித் தாக்கிப் பழகின. ஷோனான் என்று பெயர் மாற்றப்பட்டிருந்த இத்தீவின் மக்கள் அவற்றின் ஓசையைக் கேட்டிருப்பர். அது பயிற்சியின் ஓசை என்பதை அறிந்திருக்க வாய்ப்புக் குறைவு.

மே நடுவில் கப்பற்படை வட போர்னியோவுக்குக் கிழக்கேயுள்ள தாவி தாவிக்குப் பெயர்ந்தது. அங்கே தகுந்த விமானத் தளம் இல்லை. நீர்மூழ்கிகள் காத்திருந்தமையால் கப்பல்கள் திறந்த கடலுக்குச் செல்லவும் இயலவில்லை. ஏறத்தாழ ஒரு மாதம் விமானிகள் பறக்காமலே இருந்தனர். கற்றுத் தேறாத கை, கற்றதையும் மறக்கத் தொடங்கிற்று. பின்வந்த தோல்வியில் பாதியை இந்த ஒரு மாதத்தின் கணக்கிலேயே எழுத வேண்டும் என்பது நம் கருத்து.

ஜூன் 19ஆம் நாள் மரியானா தீவுகளுக்கு மேற்கே போர் மூண்டது. காலையில் தாய்ஹோவிலிருந்து விமானங்கள் எழுந்துகொண்டிருந்தபோது அல்பகோர் என்னும் நீர்மூழ்கி குண்டுகளை ஏவியது. அப்பொழுதுதான் மேலெழுந்த கோமாட்சு சாகியோ என்னும் விமானி, ஒரு குண்டின் தடத்தைக் கண்டு, தம் விமானத்தோடு அதன்மேல் பாய்ந்து மாண்டார். வேறொரு குண்டு கப்பலைத் தாக்கியது. கசிந்த எரிபொருளின் ஆவி உள்ளெங்கும் பரவி, பிற்பகலில் வெடித்தது. பணியில் சேர்ந்த 104ஆம் நாளில் தாய்ஹோ மூழ்கியது. ஷோகாகுவை கவாலா என்னும் மற்றொரு நீர்மூழ்கி அன்றே வீழ்த்தியது. இவ்வணி அனுப்பிய பெருந்தாக்குதலில் அமெரிக்கப் படையை நெருங்கிய 107 விமானங்களுள் 97 அழிந்தன.

அணியின் எண் மட்டும் அழியவில்லை. புதிய இளைஞர்களைச் சேர்த்து அதே எண்ணை மீண்டும் இட்டனர். ஊன்ரியூ முதலிய புதுக் கப்பல்கள் அதற்கெனக் குறிக்கப்பட்டன. ஆனால் ஊன்ரியூ இவ்வணியைச் சுமந்து போருக்குச் செல்லாமலேயே 1944 டிசம்பரில் மூழ்கியது. ஆறு என்னும் இலக்கம் அதன்பின் பொருளிழந்த எச்சமாயிற்று. மொழியில் வேர்ப்பொருள் மறைந்தபின்பும் சொல் வழங்குவதைப் போன்றது இது.

1945 பிப்ரவரி 21ஆம் நாள் இவ்வணியினர் கத்தோரியிலிருந்து புறப்பட்டு, ஹச்சிஜோ தீவில் எரிபொருள் நிரப்பி, இவோ ஜீமாவை நோக்கிச் சென்றனர். அப்பிரிவுக்கு 'மிதாதே' என்று பெயர். மாமன்னரைக் காக்கும் கேடயம் என்பது கருத்து. மான்யோஷூ என்னும் எட்டாம் நூற்றாண்டுத் தொகைநூலில் எல்லைக் காவலன் ஒருவன் தன்னைக் குறிக்க ஆண்ட சொல் அது. கேடயம் காப்பதற்குரியது, இங்கோ விமானியின் உடலையே எறிபடையாக்குவதற்கு அப்பெயர் பயன்பட்டது. பிஸ்மார்க் சீ என்னும் கப்பல் 318 பேருடன் அழிந்தது, சரட்டோகா கடுஞ்சேதமுற்றது.

இச்செயலை ஜப்பானிய ஆவணங்கள் 'தொக்கோ', அதாவது சிறப்புத் தாக்குதல், என்று எழுதும். நம் நூல்கள் தற்கொலைப் படை என்று எழுதுகின்றன. முன்னது சாவை மறைக்கிறது. பின்னதோ, கட்டளையிட்டவரை மறைத்து, இறந்தவனையே வினைமுதலாக்குகிறது. வகுப்பறையில் இரண்டு சொற்களையும் அருகருகே எழுதி, ஒவ்வொன்றிலும் எழுவாய் யார் என்று மாணவரைக் கேட்கலாம். போர் முடிந்த 1945 ஆகஸ்ட்டில் 601ஆம் அணி ஹியாகுரிஹாரா நிலத்தளத்தில் இருந்தது.