சிறு லோடருக்கு இரண்டாம் வேகம் வேண்டுமா?

கூட்டுறவுச் சங்கம் ஒரு யந்திரத்தை வாங்குவதென்பது தனி மனிதர் ஒருவர் வாங்குவதைப் போன்றதன்று. தனி மனிதரின் கணக்குத் தவறினால் நட்டம் அவரோடு போகும். சங்கத்தின் கணக்குத் தவறினால், பருத்தி விற்ற பணத்திலும் நெசவுக் கூலியிலும் மிச்சம் பிடித்துப் பங்குத் தொகை செலுத்திய அங்கத்தினர் அனைவர் தலையிலும் அது விழும். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் பல இன்று டிராக்டர் முதலிய சாதனங்களை வாடகைக்கு விடுகின்றன. வேளாண்மைப் பொறியியல் துறையும் இ-வாடகை முறையில் யந்திரங்களை அனுப்பி உதவுகிறது. இவ்வரிசையில், ‘பாப்கேட்’ என்று பொதுவாக வழங்கும் சிறு லோடரையும் வாங்க எண்ணும் சங்கங்கள் உண்டு. வாங்கும்போது, கூடுதல் விலைக்கு அதிவேக ஓட்டத்தையும் சேர்த்துக்கொள்ளலாமே என்று விற்பனையாளர் கூறுவார். அது வேண்டுவதுதானா என்பதை இம்மாதம் ஆராய்வோம்.

பிறந்த கதை

இந்த யந்திரம் ஒரு குடியானவரின் தேவையிலிருந்து பிறந்தது. அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் ராத்சே என்னும் ஊரில் சிரில் கெல்லர், லூயிஸ் கெல்லர் என்ற சகோதரர் இருவர் பட்டறை நடத்தினர். வான்கோழி வளர்த்த விவசாயி ஒருவர், தூண்கள் நெருங்கிய தம் கொட்டகையில் புகுந்து திரும்பி எருவை அள்ளும் யந்திரம் கேட்டார். 1957ஆம் ஆண்டு சகோதரர்கள் மூன்று சக்கரங்களோடு ஒன்றைச் செய்து கொடுத்தனர். பின்னர் மெல்ரோ கம்பெனி அதனை ஏற்று, 1960இல் நான்கு சக்கர யந்திரமாக்கியது. 1962இல் ‘பாப்கேட்’ என்னும் பெயர் சூட்டப்பட்டது.

மற்ற வண்டிகளைப் போல் இதன் முன்சக்கரங்கள் திரும்புவதில்லை. இடப்பக்கச் சக்கரங்கள் ஒரு வேகத்திலும் வலப்பக்கச் சக்கரங்கள் வேறொரு வேகத்திலும் சுழல, யந்திரம் நின்ற இடத்திலேயே சறுக்கித் திரும்புகிறது. நெருக்கமான இடத்தில் வேலை செய்வதற்கென்றே பிறந்த யந்திரம் இது; நெடுந்தூரம் ஓடுவதற்குப் பிறந்ததன்று. இதனை முதலில் நினைவிற்கொள்ள வேண்டும்.

வேகம் எங்கிருந்து வருகிறது?

எஞ்சின் இரண்டு எண்ணெய்ப் பம்புகளை ஓட்டுகிறது. ஒவ்வொரு பம்பும் ஒரு பக்கத்துச் சக்கரங்களைச் சுழற்றும் ஹைட்ராலிக் மோட்டாருக்கு அழுத்தத்தோடு எண்ணெயை அனுப்புகிறது. சாதாரண லோடர் இவ்வாறு மணிக்கு 11 அல்லது 12 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். இரண்டு வேக வசதியுள்ள லோடரில், ஒரு பொத்தானை அழுத்தியதும் மோட்டார் ஒரு சுற்றுக்கு ஏற்றுக்கொள்ளும் எண்ணெயின் அளவு குறைகிறது. அதே எண்ணெயில் சுற்றுகள் மிகுகின்றன. வேகம் மணிக்கு 17 முதல் 20 கிலோமீட்டர் வரை உயர்கிறது.

ஆனால் எஞ்சினின் சக்தி கூடவில்லை. வேகம் மிகுந்த அளவுக்குச் சக்கரத்தின் இழுவிசை குறைகிறது. இதனை நெசவாளருக்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. விசைத்தறியின் ஓட்டத்தை மட்டும் கூட்டிவிட்டு, நூலின் வலுவைக் கவனியாவிட்டால் இழை அறும். அறுந்த இழையை முடிவதற்குள், கூட்டிய வேகத்தால் பெற்ற ஆதாயம் கரைந்துபோகும். லோடரும் அவ்வாறே. மண்ணில் பக்கெட்டைக் குத்தி அள்ளும் வேலைக்கு முதல் வேகமே ஏற்றது. சுமையின்றிச் சமதளத்தில் ஓடும் வேலைக்கே இரண்டாம் வேகம்.

கணக்குப் பார்ப்போம்

குவியலிலிருந்து 60 மீட்டர் தூரத்தில் மண்ணைக் கொட்ட வேண்டும் என்று கொள்வோம். முதல் வேகத்தில் போக 20 விநாடி, வர 20 விநாடி. அள்ளவும், உயர்த்தவும், கொட்டவும் 40 விநாடி என்று வைத்தால், ஒரு நடைக்கு 80 விநாடி; மணிக்கு 45 நடை. சுமையோடு மெதுவாகச் சென்று, வெறுமையாகத் திரும்புகையில் மட்டும் மணிக்கு 18 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால், திரும்ப 12 விநாடி போதும். நடைக்கு 72 விநாடி; மணிக்கு 50 நடை. இது புறக்கணிக்கத்தக்க லாபமன்று.

தூரம் 15 மீட்டரேயானால், திரும்பும்போது மிஞ்சுவது 2 விநாடிதான். அதுவும் வேகமெடுப்பதிலும் நிறுத்துவதிலும் போய்விடும். கண்மாய் வண்டல் வேலை பெரும்பாலும் இத்தகையது. 2024ஆம் ஆண்டு முதல் வட்டாட்சியர் அனுமதி பெற்று விவசாயிகள் கட்டணமின்றி வண்டல் எடுக்க வழி செய்யப்பட்டது. அவ்வேலையில் டிராக்டர் டிரெய்லர் குவியலின் அருகிலேயே நிற்கிறது. அங்கே இரண்டாம் வேகத்திற்குக் கொடுத்த பணம் வீண்.

நம் கரிசலின் குணத்தையும் எண்ண வேண்டும். விருதுநகர், அருப்புக்கோட்டை, சாத்தூர்ப் பக்கங்களின் கரிசல் கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். ஒரு மழை பெய்தால் டயரைப் பற்றிக்கொள்ளும். சறுக்கித் திரும்பும் யந்திரம் ஈரக் கரிசலில் தனக்கே குழி தோண்டிக்கொள்ளும். அங்கே வேண்டுவது இழுவிசையும் அகன்ற டயரும். தளம் போட்ட விற்பனைக்கூடம், பஞ்சாலை முற்றம், செங்கல் சூளை வளாகம் ஆகிய இடங்களில் நாள் முழுதும் நீண்ட நடை நடக்கும் லோடருக்கு மட்டுமே அதிவேகம் ஊதியம் தரும்.

பழைய யந்திரத்தில் சேர்க்கலாமா?

இவ்வசதி பெரும்பாலும் தொழிற்சாலையிலேயே பொருத்தப்படுவது. பின்னர் சேர்ப்பதென்றால் இரு மோட்டார்களையும் மாற்ற வேண்டும். வால்வு, குழாய்கள், மின் கட்டுப்பாட்டு அமைப்பு ஆகியவையும் வேண்டும். எல்லா மாடல்களும் இதற்கு இடங்கொடுப்பதில்லை. பெரிய டயரைப் போட்டு வேகத்தைக் கூட்டும் உபாயத்தை நாம் ஒப்புக்கொள்ளமாட்டோம். அது மோட்டாருக்கும் சங்கிலிக்கும் தாங்கவொண்ணாச் சுமை.

யந்திரம் மெதுவாக ஓடுகிறதென்று குறைப்படுவோர் முதலில் காற்று வடிகட்டியைத் திறந்து பார்க்கட்டும். நம் புழுதியில் அது விரைவில் அடைத்துக்கொள்ளும். ஹைட்ராலிக் எண்ணெயும் அதன் வடிகட்டியும் உரிய காலத்தில் மாற்றப்பட்டனவா? நான்கு டயர்களிலும் காற்று சமமா? சங்கிலியின் இறுக்கம் சரியா? இவற்றைச் சீர் செய்தால், இழந்த வேகம் சிறு செலவில் திரும்பக் கிடைக்கக்கூடும்.

உயிரின் கணக்கு

லோடரின் சக்கர இடைவெளி குறுகியது. பக்கெட் உயர்ந்திருக்கையில் மேட்டுப்பள்ளத்தில் ஓடினால் அது முன்னும் பின்னும் குதிக்கும்; கவிழவும் கூடும். மணிக்கு 11 கிலோமீட்டரிலிருந்து 18க்கு உயரும்போது மோதும் விசையாற்றல் ஏறத்தாழ 2¾ மடங்காகிறது. ஆதலின் பக்கெட்டைத் தாழ்த்தி, இருக்கைப் பட்டையைப் பூட்டியே ஓட்ட வேண்டும். ஆட்கள் நடமாடும் இடத்தில் இரண்டாம் வேகம் கூடவே கூடாது.

சிவகாசிப் பகுதிச் சங்கங்களுக்கு இன்னும் ஒரு சொல். பட்டாசு ஆலையில் மருந்து கையாளும் எல்லைக்குள் லோடரை வாடகைக்கு அனுப்பலாகாது. கல்லில் உரசும் இரும்பு பக்கெட்டும், கொதிக்கும் புகைக்குழாயும் அங்கே பகைவர்கள். முதலிப்பட்டியில் 2012 செப்டம்பர் 5ஆம் நாள் நேர்ந்த வெடிவிபத்து முப்பதுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டதை இவ்வட்டாரம் மறவாது. ஆலைகளுக்குச் செல்லும் சாலைகளில், தொழிலாளர்கள் வேலைக்கு வரும் காலையிலும் வீடு திரும்பும் மாலையிலும் லோடரை ஓட்டாதிருப்பதே நன்று.

ஆகவே, பொதுக்குழுவில் இத்தீர்மானம் வரும்போது அங்கத்தினர்கள் மூன்று கேள்விகளைக் கேட்கட்டும். நம் வேலையில் ஒரு நடையின் தூரம் எவ்வளவு? தரை சமமானதா? பயிற்சி பெற்ற ஓட்டுநர் நம்மிடம் உண்டா? மூன்றுக்கும் தக்க விடை கிடைத்தால் இரண்டாம் வேகத்தை வாங்கலாம். ஒன்றில் ஐயமிருப்பினும், அப்பணத்தை நல்ல டயருக்கும், ஓட்டுநர் பயிற்சிக்கும், பழுது நிதிக்கும் ஒதுக்குவதே சங்கத்திற்குச் சிறப்பு. பதறாத காரியம் சிதறாது.